தரைக்குள் ஒரு பொருத்து

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குச் சிவநேசன் கட்டடத்தின் நிலவறையான கெல்லருக்கு இறங்கிப் போய், மீன் அறைக் கதவடியில் செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலை உள்ளே வைத்தான். வைத்த கால் அப்படியே நின்றது. தரை குளிர்ந்திருந்தது.

நவம்பர் தொடக்கம் அந்தத் தரை ஒரு நாள்கூட அவனை ஏமாற்றியதில்லை. சுவிஸின் ஊஸ்டரில் பெப்ரவரி மாதம் எப்படியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கட்டி முடியாத வீடுகளில், கண்ணாடி போடாத யன்னல்களுக்கு நடுவே நாள் முழுக்க நின்று சூட்டுக் குழாய் இழுத்துவிட்டு வருகிறவனுக்கு, அந்த ஒன்பது சதுர மீற்றர் இளஞ்சூட்டில் கால் வைப்பதைவிடச் சுகம் வேறில்லை. குளித்து, தேத்தண்ணீர் குடிக்க முன்னரே கெல்லருக்குத்தான் ஓடுவான். மனைவி பத்மினி இதைப் பற்றி எத்தனையோ தரம் முகத்தைத் தூக்கியிருக்கிறாள்.

மின்குமிழைப் போடாமல், டோர்ச் வெளிச்சத்தைக் கையால் பாதி மறைத்து, பெரிய தொட்டியின் வெப்பமானியைப் பார்த்தான். இருபத்தாறரை. நேற்று இரவு ஒன்பது மணிக்குப் பார்த்தபோது இருபத்தொன்பதரை. வழக்கத்தைவிட அரைப் பாகை கூட என்று சந்தோஷப்பட்டுக்கொண்டுதான் படுக்கப் போனான். ஒரே இரவில் மூன்று பாகை இறங்கியிருந்தது.

அந்தத் தொட்டியில் ஒரு சோடி டிஸ்கஸ் மீன்கள் இருந்தன. சாப்பாட்டுத் தட்டுப் போல வட்டமான, செல்லம் கொடுத்துக் கெடுத்த பிள்ளை போல எதற்கும் முகம் சுளிக்கிற மீன். தண்ணீர் இருபத்தொன்பது பாகையில் இருக்க வேண்டும். சத்தம் கூடாது, திடீர் வெளிச்சம் கூடாது. எல்லாம் சரியாக இருந்தால் முட்டையிட்டு, பொரிக்கும் குஞ்சுகளைத் தன் உடம்பில் ஊறும் பசையைக் கொடுத்து வளர்க்கும். குஞ்சுகள் தாயின் விலாவிலும் தகப்பனின் விலாவிலும் மாறி மாறி ஒட்டிக்கொண்டு அந்தப் பசையைக் கொறிக்கும். ஏதாவது பிசகினால் தாயும் தகப்பனும் கறுத்துப்போய், பெற்ற குஞ்சுகளைத் தாங்களே விழுங்கிவிடும். மூன்று தரம் அப்படித்தான் நடந்தது. நாலாம் தரம் பொரித்த அறுபது குஞ்சுகளுக்கும் அன்றைக்கு ஒன்பது நாள் வயது. இன்னும் நாலு நாள் தாண்டினால் அவை தாங்களாகவே தீன் தின்னும், தப்பிவிடும். அந்த நாலு நாளுக்காகத்தான் சிவநேசன் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு இருந்தான்.

டோர்ச்சைத் தாழ்த்திப் பார்த்தான். தகப்பன் மீனின் வால் பக்கம் கறுக்கத் தொடங்கியிருந்தது.

குளிருகிறதென்றால் தொட்டிக்குள் ஒரு மின்சூடாக்கியைப் போட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். முன்னர் அப்படித்தான் போட்டிருந்தான், தொட்டிக்கு ஒன்றாகப் பதினொன்று. ஒரு புதன்கிழமை கெல்லரின் மின்னிணைப்பு முழுவதும் பட்டென்று நின்றது. பக்கத்து அறையில் மூன்றாம் மாடிக் கிழவியின் உடுப்புத் தோய்க்கும் முறை. சுவிஸில் ஒருவருடைய தோய்க்கும் நாளைக் கெடுப்பது எவ்வளவு பெரிய குற்றம் என்பது அங்கே வாடகைக்கு இருந்தவர்களுக்குத் தெரியும். கட்டடத்தை நடத்தும் வீட்டுச் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது: இனி ஒரு மின்சூடாக்கியும் கூடாது, இல்லாவிட்டால் அறையை ஒப்படைக்கவும்.

அப்போதுதான் அவன் வேலை செய்யும் சிறிய குழாய்க் கம்பனியின் முதலாளி கேகி, எல்லோரும் மைஸ்டர் என்று கூப்பிடும் தொழில் ஆசான், ஒரு வழி சொன்னார். கட்டடத்தின் சூட்டுக் குழாய் அந்த அறைச் சுவரோடுதான் போகிறது. அதிலிருந்து ஒரு கிளை எடுத்துத் தரைக்குள் குழாயை வளைத்து வளைத்துப் போட்டு மேலே சீமெந்து பூசிவிட்டால், அறையே சூடாகும். அறை சூடானால் தொட்டிகளும் சூடாகும். சங்கத்துக்கும் அவரே எழுதினார். தான் பார்த்துக் கையெழுத்து வைப்பதாகப் பொறுப்பேற்றார். மிச்சம் கிடந்த குழாய்ச் சுருளொன்றையும் தூக்கிக் கொடுத்தார்.

அந்தச் சுருளில்தான் பிழை தொடங்கியது. கடைசி வளைவுக்கு நாலு மீற்றர் குழாய் போதவில்லை. தரைக்குள் போகும் குழாய் ஒரே துண்டாக இருக்க வேண்டும், ஒட்டுப்போடக் கூடாது என்பது சிவநேசன் வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமையே காதில் விழுந்த பாடம். இன்னொரு சுருள் கேட்க அவனுக்குக் கூச்சமாக இருந்தது. சும்மா தந்த மனிதரிடம் போய், போதாது என்று எப்படிச் சொல்வது? மிச்சத் துண்டொன்றை எடுத்து, நடுவில் ஒரு பித்தளைப் பொருத்தைப் போட்டு இறுக்கினான். குழாய் ஒழுகுகிறதா என்று அழுத்தம் பார்க்க மைஸ்டர் வரும் மாலையில் தன் வேலைச் சட்டையைக் கழற்றி அந்தப் பொருத்தின் மேல் போட்டுவிட்டு, சாப்பிட வீட்டுக்கு ஏறிப் போனான். திரும்பி வந்தபோது மைஸ்டர் கையெழுத்து வைத்துவிட்டுப் போயிருந்தார். சட்டை போட்டபடியே கிடந்தது. அடுத்த நாள் சீமெந்து பூசினான்.

பொருத்து மறைந்தது. மனம் மட்டும் ஆறவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வேலை முடிந்து கம்பனி வானிலிருந்து இறங்கும்போது, மைஸ்டர் யன்னல் கண்ணாடியை இறக்கிக் கேட்பார்:

“சிவா, தரை எப்படி?”

“நல்லது, மைஸ்டர்.”

அன்புக்குத்தான் கேட்கிறார் என்று சிவநேசன் நினைத்தான். அந்த அன்பே அவனைத் தின்றது. வியாழன் பின்னேரமே நாளைக்குக் கேட்பாரே என்று நெஞ்சு அடிக்கத் தொடங்கிவிடும்.

இப்போது தரை குளிர்ந்து கிடந்தது. கதவோரச் சுவரில் இருந்த, தரைச் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டின் சிவப்பு வெளிச்சமும் அணைந்திருந்தது. நிதானமாக இருந்திருந்தால் அதைப் பார்த்தே அவனுக்குப் பாதி விளங்கியிருக்கும். அன்று அவனிடம் நிதானத்தைத் தவிர மற்றதெல்லாம் இருந்தது. கொதிகலன் இருக்கும் அறைக்கு ஓடினான். அழுத்தமானியின் ஊசி ஒன்றரையில் நிற்க வேண்டியது கொஞ்சம் கீழே நின்றது. எங்கோ தண்ணீர் போகிறது. எங்கே போகும்? அவனுக்கு ஒரேயொரு இடம்தான் தெரியும்.

திரும்பி வந்து, தொட்டிகளைத் தாங்கும் இரும்பு றாக்கையின் இடது காலடியில் குனிந்து டோர்ச்சை அடித்தான். தரை ஈரமாக இருந்தது.

உள்ளங்கை அளவு ஈரம். றாக்கைக்குக் கீழே அடுக்கியிருந்த வாளிகளுக்கும், தொட்டிகளை இடம் மாற்றும்போது சுற்றுவதற்கென்று அவன் வைத்திருந்த பழைய போர்வைக்கும் கீழிருந்து அது கசிந்து வந்திருந்தது. வெள்ளையாக இருந்தது. சீமெந்தின் சுண்ணாம்பு ஊறி வருகிறது என்று நினைத்தான். இலேசாகப் புளித்த வாடையும் அடித்தது. வடிகட்டியைக் கழுவாமல் விட்டதன் வாடை என்று நினைத்தான். பொருத்து அந்த ஈரத்துக்கு நேர் கீழே, சீமெந்துக்குள் இருந்தது. வேறென்ன சாட்சி வேண்டும்?

தரைக்குப் போகும் குழாயின் இரண்டு அடைப்பான்களையும் பூட்டினான். ஒழுகுவதாவது நிற்கட்டும்.

மூன்று மாடி ஏறி வீட்டுக் குசினியில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, சோடாப் போத்தல்களில் நிரப்பி, துவாயில் சுற்றிக்கொண்டு இறங்கி வந்து, ஒவ்வொன்றாகத் தொட்டியில் மிதக்கவிட்டான். வீட்டில் வேறு யாரும் இல்லை. பத்மினிக்கு முதியோர் இல்லக் குசினியில் காலை வேலை; ஆறு மணிக்கே போய்விட்டாள். ஒன்பதரைக்கு வெப்பமானி இருபத்தாறைக் காட்டியது. பத்தரைக்கு இருபத்தைந்தரை. ஏழு தரம் ஏறி இறங்கியும் வெப்பம் ஏறவில்லை. குஞ்சுகள் சில தாயின் விலாவை விட்டுவிட்டுத் தொட்டியின் மூலையில் தனியாக மிதந்தன. தாய் அவற்றைத் திரும்பிப் பார்த்த விதம் அவனுக்குப் பிடிக்கவில்லை.

உளி அவனிடம் இருந்தது, சுத்தியலும் இருந்தது. யாருக்கும் தெரியாமல் தரையை உடைத்து, பொருத்தை மாற்றி, திரும்பப் பூசிவிடலாம். மைஸ்டருக்குத் தெரியவே வராது. ஆனால் சுத்தியலின் முதல் அடியிலேயே அந்த இரண்டு மீனும் வெருண்டு குஞ்சுகளை விழுங்கிவிடும். உடைக்காமல் ஒழுக்கை உள்ளேயே அடைக்க வழி தெரிந்த மனிதர் ஊரில் ஒருவர்தான். அவரைக் கூப்பிட்டால் தன் வாயால் சொல்ல வேண்டும்.

கெல்லர்ப் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். கள்ளன் என்று நினைப்பார். நம்பிக் கையெழுத்து வைத்த மனிதரைச் சங்கத்துக்கு முன்னால் தலைகுனிய வைக்கப்போகிறேன். திங்கட்கிழமை என்னை வேலைக்கு வர வேண்டாம் என்றால், அதற்கும் ஒன்றும் சொல்ல முடியாது. மூக்குச் சிந்திவிட்டு எழும்பி, கடைசித் தரமாக டோர்ச்சை அடித்துப் பார்த்தான். இருபத்தைந்து. மேலே போய் ரெலிபோனை எடுத்தான்.

மைஸ்டர் சாப்பாட்டு மேசையில் இருந்திருக்க வேண்டும். கரண்டிச் சத்தம் கேட்டது. சிவநேசன் ஜெர்மனில் மூச்சுவிடாமல் சொன்னான்:

“மைஸ்டர், தரைக்குள் ஒரு பொருத்து இருக்கிறது. நான்தான் வைத்தேன். உங்களிடம் சொல்லவில்லை. இப்போது ஒழுகுகிறது. மீன்கள் சாகப்போகின்றன.”

மறுபக்கம் கரண்டிச் சத்தம் நின்றது.

“உடைத்துவிட்டாயா?”

“இல்லை.”

“எதையும் தொடாதே. வருகிறேன்.”

அவ்வளவுதான். கோபமா, இல்லையா என்று அந்தக் குரலில் பிடிபடவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அரை மணித்தியாலத்தில் மைஸ்டர் வந்தார். பெரிய உடம்பு, ஓய்வு நாளிலும் காதில் சிவப்புப் பென்சில். கதவடியில் சிவநேசனின் செருப்பைப் பார்த்தார்; தானும் சப்பாத்தைக் கழற்றினார். ஒரு வேலைத்தலத்திலும் அவர் சப்பாத்துக் கழற்றிச் சிவநேசன் கண்டதில்லை. சுவரில் தெர்மோஸ்டாட்டைப் பார்த்தார்.

“இந்த வெளிச்சம் காலையிலிருந்தே அணைந்துதான் இருக்கிறதா?”

“ஓம்... யா.”

“ஒழுகுகிற தரை குளிரும். குளிர்ந்தால் இது எரியும். இது அணைந்திருக்கிறதென்றால், தரை போதுமான அளவு சூடாக இருக்கிறது என்று யாரோ இதற்குச் சொல்கிறார்கள்.”

“அழுத்தமும் இறங்கியிருக்கிறது.”

“கட்டடத்தைப் பார்க்கும் ஹவுஸ்வார்ட் மேல்மாடியில் குழாய்க்குள் சேர்ந்த காற்றை வெளியே விட்டிருப்பான். வெள்ளிக்கிழமைதோறும் அவனுக்கு அதுதான் வேலை.”

முழங்காலிட்டு, ஈரத்தை விரலால் தொட்டு டோர்ச் வெளிச்சத்தில் பிடித்தார். மணந்து பார்த்தார். அவருடைய புருவம் ஏறியது.

“சூட்டுக் குழாய்த் தண்ணீர் எந்த நிறம், சிவா?”

கறுப்பு. இரும்பு வாடை அடிக்கும் கறுப்பு. எத்தனை வாளி தூக்கிக் கொண்டுபோய் ஊற்றியிருக்கிறான். சிவநேசனுக்குக் காது சூடேறியது.

“இது யோகர்ட் போல மணக்கிறது” என்றார் மைஸ்டர்.

வாளிகளை ஒவ்வொன்றாக, சத்தம் வராமல் நகர்த்தினார். பின்னால் இருந்த பழைய போர்வை வெறும் போர்வையாக இல்லை. வயிறு வைத்து உப்பியிருந்தது. மெல்ல விரித்தார். உள்ளே ஒரு பெரிய அலுமினியப் பானை. மூடி ஒரு பக்கம் சரிந்து, அதற்குள்ளிருந்து தோசைமா பொங்கி, பானையின் கழுத்தால் வழிந்து, போர்வையை நனைத்து, தரையில் இறங்கியிருந்தது.

இருவரும் முழங்காலில் இருந்தபடி அந்தப் பானையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, வாசலில் நிழல் விழுந்தது. வேலையால் வந்த பத்மினி, குளிர்க்கோட்டைக்கூடக் கழற்றவில்லை. புருஷனையும் அவனுடைய முதலாளியையும் தன் பானையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“ஐயோ, என்ரை மா” என்றாள்.

“இதை ஆர் இஞ்சை வைச்சது?” சிவநேசன் குரலை உயர்த்தப் பயந்து மூச்சாலேயே கேட்டான்.

“நான்தான். நேற்று ஆறு மணிக்கு வைச்சனான். மத்தியானம் வந்து எடுப்பம் எண்டு.”

“என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே.”

“கேட்டால் விட்டிருப்பியளோ? ஒருத்தரும் உள்ளுக்கை காலடி வைக்கக் கூடாது எண்டெல்லோ சட்டம்.” பத்மினிக்குக் கண் கலங்கியது, வாய் ஓயவில்லை. “நாளைக்குத் தமிழ்ப் பள்ளிக்கூட விழா. நாப்பது பேருக்குத் தோசை நான் எண்டு சொல்லிப்போட்டன். போன மாதம் மா புளிக்காமல், என்ரை தோசையை மட்டை எண்டு சனம் சிரிச்சது உங்களுக்கு மறந்துபோச்சு. இந்த வீட்டிலை மீனுக்கு இருபத்தொன்பது பாகை. எனக்கும் மாவுக்கும் பதினெட்டு.”

அவள் சொன்னது உண்மை.

மைஸ்டருக்குத் தமிழ் விளங்கவில்லை, பானை விளங்கிவிட்டது. பானை இருந்த இடத்தில் கையை வைத்துப் பார்த்தார். அறையிலேயே அந்த ஒரு இடம்தான் சுட்டது. தரையின் சூட்டை அளந்து தெர்மோஸ்டாட்டுக்குச் சொல்லும் சிறிய உணரி, சீமெந்துக்குள் சரியாக அந்த இடத்தில்தான் இருந்தது. முந்திய மாலை வைத்தபோது குளிர்ந்த மா உணரியையும் குளிர்வித்து, சூட்டை அரைப் பாகை கூட்டியது; பிறகு போர்வை சுற்றிய பானை அதன் மேல் குந்தியிருந்து சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைத்திருந்தது. அறை முழுவதும் குளிரில் கிடக்க, உணரி மட்டும் போதும் போதும் என்று சொல்லிக்கொண்டிருந்தது. மிச்சத்தைச் சிவநேசனே அடைப்பான்களைப் பூட்டிச் செய்து முடித்திருந்தான்.

பானையைப் பத்மினி தூக்கிக்கொண்டாள். மைஸ்டர் அந்த இடத்தில் ஒரு நனைந்த குளிர்த் துணியைப் போட்டார்; சிறிது நேரத்தில் சிவப்பு வெளிச்சம் எரிந்தது. சிவநேசன் அடைப்பான்களைத் திறந்தான். குழாய்க்குள் தண்ணீர் ஓடும் மெல்லிய இரைச்சல் கேட்டதும் அவனுக்கு அழுகை வரும் போலிருந்தது.

“அப்போ பொருத்து...” என்று தொடங்கினான்.

“நான் வரைந்து கொடுத்து, சங்கம் உனக்கு அனுப்பிய வரைபடம் உன்னிடம் இருக்கிறதா?”

இருந்தது. ஜெர்மன் கடிதங்களெல்லாம் போய்ச் சேரும் பிஸ்கற் பெட்டியில், பிரிக்காத உறைக்குள். மைஸ்டரின் கையெழுத்துக்குக் கீழே என்ன எழுதியிருக்குமோ என்ற பயத்திலேயே அதைத் திறக்காமல் விட்டிருந்தான். மேலே ஓடிப்போய் எடுத்துவந்தான். மைஸ்டர் உறையைக் கிழித்து, தாளைத் தரையில் விரித்தார். அறையின் படம், குழாயின் வளைவுகள், றாக்கையின் இடது கால் வரும் இடத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. பக்கத்தில் ‘பொருத்து’ என்று ஜெர்மனில். கதவிலிருந்து எத்தனை சென்ரிமீற்றர், சுவரிலிருந்து எத்தனை சென்ரிமீற்றர் என்று இரண்டு அளவுகள். திகதி, அழுத்தம் பார்த்த அந்த மாலை.

“உன் சட்டையைத் தூக்கிப் பார்த்தேன்” என்றார் மைஸ்டர். “நன்றாக இறுக்கியிருந்தாய். அளந்துகொண்டு சட்டையைத் திரும்ப அப்படியே போட்டேன். தரைக்குள் பொருத்து வரக் கூடாதுதான். வந்துவிட்டால் படத்தில் குறிக்க வேண்டும். குறித்துவிட்டால் அது பிழையில்லை.”

“ஏன் என்னிடம் சொல்லவில்லை?”

மைஸ்டர் எழும்பி, சப்பாத்தைப் போட்டுக்கொண்டார். நாடாவைக் கட்டும்போது முகம் தெரியவில்லை.

“நான் ஒவ்வொரு வெள்ளியும் கேட்டேனே” என்றார். “பதினாலு வெள்ளி.”

படியேறிப் போனார். சிவநேசனுக்கு வாசல் வரை வழியனுப்பப் போகவும் கால் வரவில்லை. வெட்கம் என்றால் என்ன என்பது அவனுக்கு அந்தப் படியடியில்தான் முழுதாகத் தெரிந்தது. திட்டியிருந்தால் போதும், இவ்வளவு வலித்திராது.

பின்னேரம் ஐந்து மணிக்குத் தண்ணீர் இருபத்தெட்டுக்கு வந்தது. பத்மினியையும் கூட்டிக்கொண்டு போனான். இருவரும் வெறுங்காலோடு இருட்டில் நின்றார்கள். தகப்பனின் கறுப்பு வாலடியில் சுருங்கிவிட்டது. மிஞ்சிய குஞ்சுகள் தாயின் விலாவில் திரும்ப ஒட்டியிருந்தன. எண்ணிப் பார்த்தான்; நாற்பத்தொன்று. பத்தொன்பது போய்விட்டது.

“தாயைத்தான் தின்னுதுகளோ?” பத்மினி மெல்லக் கேட்டாள். இத்தனை நாளில் அவள் அவற்றைக் காண்பது அதுதான் முதல் தரம்.

“ஓம்.”

“பாவம்.” சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். காலைத் தரையில் அழுத்தி வைத்துக்கொண்டாள். “மா கொஞ்சம் புளிச்சுத்தான் போச்சு. சீனி போட்டுச் சமாளிக்கலாம்.”

“அடுத்த முறை கதவடியிலை வையும்” என்றான் சிவநேசன். “அங்கையும் குழாய் போகுது. உணரி இல்லை.”

ஞாயிற்றுக்கிழமை தோசை பஞ்சு போல வந்தது. யாரும் மட்டை என்று சொல்லவில்லை. சிவநேசனுக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

திங்களிலிருந்து மைஸ்டர் எப்போதும் போலத்தான் இருந்தார். வேலை சொன்னார், சாப்பாட்டு நேரத்தில் பேப்பர் பார்த்தார். வெள்ளிக்கிழமை வந்தது. வேலை முடிந்து கம்பனி வானிலிருந்து சிவநேசன் இறங்கினான். இறங்கி நின்றான். கண்ணாடி இறங்கவில்லை. மைஸ்டர் கேட்கவில்லை. பதினாலு கிழமை எந்தக் கேள்விக்குப் பயந்து செத்துக்கொண்டிருந்தானோ, அந்தக் கேள்வி வராமல் வானின் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.

சிவநேசன் கண்ணாடியைத் தட்டினான்.

“மைஸ்டர், இன்றைக்கு மேல்மாடிக் குளியலறையில் ஒரு குழாயை அளவுக்கு மிஞ்சி வளைத்துவிட்டேன். மடிந்துபோயிருக்கிறது. இன்னும் சீமெந்து போடவில்லை.”

மைஸ்டர் எஞ்சினை நிறுத்தி, காதிலிருந்த பென்சிலை எடுத்தார்.

“எந்தச் சுவர்?” என்று கேட்டார்.